பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கில் குடியேறிகள் வெளிச்சமே இல்லாத அறைகளில் வாழ நேர்ந்தது ஏன்? வீட்டுக்காரர்களின் பேராசை மட்டும்தான் காரணமா?

பேராசை இருந்தது. ஆனால் அதைவிட மனையின் அளவுதான் பெரிய காரணம் என்பேன். 1811இல் மன்ஹாட்டனுக்குத் தெருத் திட்டம் போட்டபின், மனைகள் பெரும்பாலும் 25 அடி அகலம், 100 அடி நீளம் என்றே விற்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். அதிலேயே ஐந்தாறு மாடி எழுப்பி மாடிக்கு நான்கு குடித்தனம் வைத்தால், இரண்டு பக்கமும் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். தெருப் பக்கமும் கொல்லைப் பக்கமும் உள்ள அறைகளுக்கு மட்டுமே வெளிச்சம்.

படுக்கையறைக்கு ஜன்னல் கட்டாயம் என்றது 1879ஆம் ஆண்டுச் சட்டம். அதற்காக வந்ததுதான் 'டம்பெல்' கட்டடம்: இரண்டு முனைகளும் அகலம், நடுப்பகுதி மட்டும் பக்கத்துக்கு 28 அங்குலம் உள்வாங்கியிருக்கும். பக்கத்துக் கட்டடமும் அதேபோல் உள்வாங்கினால், நடுவே ஐந்தடிக்கும் குறைவான அகலத்தில் ஒரு காற்றுக்கிணறு, அதாவது கீழிருந்து கூரைவரை போகும் குறுகிய இடைவெளி. ஒரு மாடியில் 14 அறைகள். நேரடி வெளிச்சம் நான்குக்குத்தான். மற்ற பத்தும் அந்தக் கிணற்றை நம்பியவை. கீழ்மாடிகளுக்கு வெயில் இறங்கவே இறங்காது. மேலிருந்து கொட்டும் குப்பை அடியில் அழுகும். நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். தீப்பிடித்தாலோ அது புகைபோக்கி மாதிரி நெருப்பை மேலே இழுத்தது. மனையில் 65 சதவீதத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று அதே சட்டம் சொன்னது. ஆனால் சுகாதார வாரியம் விலக்கு தரலாம் என்றும் இருந்ததால், கட்டியவர்கள் அதை மீறியே கட்டினார்கள்.

1900இல் வீட்டுவசதிச் சீர்திருத்தவாதி லாரன்ஸ் வெய்லர் நடத்திய கண்காட்சியில், மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் கிறிஸ்டி, ஃபோர்சித், கனால், பேயர்ட் தெருக்களுக்கு நடுவே உள்ள ஒரே ஒரு பிளாக்கை அட்டையில் மாதிரியாகச் செய்து வைத்திருந்தார்கள். 39 கட்டடம், 605 வீடு, 2,781 பேர். கழிப்பறைகள் 264. வெந்நீர்க் குழாய் 40 வீட்டில் மட்டும். குளியலறை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அங்கே வாடகைக்கு ஆள் குறையவில்லை. தையல் பட்டறைகள் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. வாடகையைச் சமாளிக்க உள்ளே இன்னும் இரண்டு பேரைத் தங்கவைத்துக்கொள்ளலாம்.

1901ஆம் ஆண்டுச் சட்டம் கை வைத்தது சரியான இடத்தில். காற்றுக்கிணற்றுக்குப் பதில் முற்றம் வேண்டும்; மனை எல்லையை ஒட்டியது என்றாலும் குறைந்தது 12 அடிக்கு 24 அடி. வீட்டுக்கு வீடு கழிப்பறை. 25 அடியில் 12 அடி முற்றத்துக்கே போனால் மீதியில் லாபம் வராது. அதனால் இரண்டு மனையைச் சேர்த்து வாங்கி 40, 50 அடி முகப்பில் கட்ட ஆரம்பித்தார்கள். நேரில் பார்த்து அமல்படுத்தத் தனித் துறையும் வந்தது; என் கணிப்பில் சட்டம் பலித்ததற்கு அதுதான் பாதிக் காரணம்.

பழைய கட்டடங்கள் எல்லாவற்றையும் இடித்துவிடவில்லை. ஆட்களைக் குறைத்தது 1903இல் திறந்த வில்லியம்ஸ்பர்க் பாலமும் 1904இல் தொடங்கிய சுரங்க ரயிலும். மன்ஹாட்டனுக்கு வெளியே பிரூக்ளினுக்கும் பிராங்ஸுக்கும் குடிபோனாலும் வேலைக்கு வந்துபோக முடிந்தது. 1924ஆம் ஆண்டுக் குடியேற்ற ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குப் பிறகு புதிதாக வருவோரும் குறைந்தார்கள். ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடத்தில், புதிய விதிகளுக்காகச் செலவு செய்வதைவிடக் காலி செய்வதே மேல் என்று 1935இல் மாடிகளைப் பூட்டிவிட்டார் உரிமையாளர். இப்போது அது அருங்காட்சியகம்.

டம்பெல் கட்டடங்களில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். லோயர் ஈஸ்ட் சைடை செயற்கைக்கோள் வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கூரைகளுக்கு இடையே கறுப்புக் கீறல்களாகத் தெரிபவை அந்தக் காற்றுக்கிணறுகள்.