டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் தொழிற்கல்வி: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தாலே ‘சிடிஇ’ எனப்படும் தொழிற்கல்விப் பாடங்களைப் பற்றிக் கேள்விகள் குவியும். டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மாணவர்களுக்குப் பாட ஆலோசனை சொல்லும் கவுன்சிலராக இருப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு.

அக்கா, படிப்பு வராத பிள்ளைகளை அனுப்பும் இடம்தானே சிடிஇ? என் கணவர் அப்படித்தான் சொல்கிறார்.

ஒரு காலத்தில் அவர் சொல்வதில் உண்மை இருந்தது. 1917இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தின் மூலம் அமெரிக்க மத்திய அரசு தொழிற்கல்விக்குப் பணம் தரத் தொடங்கியது. பிறகு பல ஊர்களில் ஏழை, கறுப்பின, மெக்சிக்கப் பிள்ளைகளைக் கல்லூரிப் பாதையிலிருந்து விலக்கிப் பட்டறைக்குத் தள்ளினார்கள். இன்று ஒரே மாணவி காலையில் ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) கால்குலஸும் மதியம் ரோபாட்டிக்ஸும் படிக்கிறாள். அந்த ரோபாட்டிக்ஸ் சிடிஇதான். பொறியியல், பயோமெடிக்கல், சைபர் செக்யூரிட்டி எல்லாம் அதே கணக்கில்தான் வரும். நம் வீடுகளில் வெல்டிங் என்றால் மட்டும் சிடிஇ என்ற பெயர் நினைவுக்கு வருகிறது!

என்டார்ஸ்மென்ட்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால்?

மாற்றலாம். என்டார்ஸ்மென்ட் என்பது மாணவர் தேர்ந்தெடுக்கும் பாடப் பிரிவு. 2013இல் வந்த சட்டப்படி ஐந்து பிரிவுகளில் ஒன்றை ஒன்பதாம் வகுப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பதினோராம் வகுப்பில் மாற்றினால் தொடர் பாடங்களை முடிக்க நேரம் போதாது என்பதுதான் சிக்கல்.

சிடிஇ எடுத்தால் ரேங்க் விழுமா?

இந்தப் பயம் நியாயமானது. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் வகுப்பின் முதல் 10 சதவீதத்தினருக்குத் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் (யூடி) மட்டும் 2026 சேர்க்கையிலிருந்து அது 5 சதவீதம். ஏபி பாடத்துக்குக் கூடுதல் புள்ளி தருகிறார்கள், பல சிடிஇ பாடங்களுக்குத் தருவதில்லை. அப்போது நூற்றுக்கு நூறு எடுத்தாலும் சராசரி இறங்கும். எந்தப் பாடத்துக்கு எத்தனை புள்ளி என்பதைப் பள்ளி மாவட்டமே முடிவு செய்கிறது. சில மாவட்டங்களில் மேல்நிலை சிடிஇ பாடங்களுக்கும் கூடுதல் புள்ளி உண்டு. எனவே பக்கத்து ஊர் நண்பரைக் கேட்காதீர்கள், உங்கள் மாவட்டத்தின் பாடப் பட்டியல் கையேட்டைப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தானாகக் கிடைக்கும் இடத்துக்கு ‘டிஸ்டிங்விஷ்டு’ என்ற உயர் நிலையில் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும். அதற்கு அல்ஜீப்ரா 2 தேவை, ஒரு என்டார்ஸ்மென்ட்டும் தேவை. அந்த என்டார்ஸ்மென்ட்டை சிடிஇ பாடங்களைக் கொண்டே பெறலாம். அப்புறம், உறுதியாவது பல்கலைக்கழகத்தில் இடம்தான். கேட்ட துறை அல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸோ பொறியியலோ வேண்டுமென்றால் பிள்ளை என்ன செய்திருக்கிறாள் என்று பார்ப்பார்கள். மூன்றாண்டு பொறியியல் தொடர் பாடங்களும் அதில் செய்த புராஜெக்ட்டும் அங்கே எடுபடும். ரேங்க்கில் 4, 5 சதவீத விளிம்பில் நிற்கும் பிள்ளை என்றால் புள்ளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 சதவீதத்தில் இருப்பவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி பணியாளரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கிறோம். மகன் பிராக்டிகம் போகலாமா?

பிராக்டிகம் என்பது பணியிடத்தில் பயிற்சி பெறும் சிடிஇ வகுப்பு. அந்த வகுப்புக்குத் தடையே இல்லை. சம்பளம் வாங்கத்தான் கூடாது. பிராக்டிகத்தில் சம்பளம் உள்ள இடங்களும் இல்லாத இடங்களும் உண்டு. பிள்ளையின் விசா நிலை ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது. ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள், சம்பளமில்லாத இடமாகக் கேளுங்கள். அதற்காகக் கடையில் சம்பள ஆள் செய்யும் வேலையை வாங்கிக்கொண்டு பணம் தராமலிருந்தால் அது பயிற்சி ஆகாது. சந்தேகமிருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள் டாக்டராக விரும்புகிறாள். ஹெல்த் சயின்ஸ் எடுத்தால் உதவுமா?

மருத்துவக் கல்லூரி சேர்க்கைக்கு நேரடியாக உதவாது. ஆனால் அந்தப் பாடங்களோடு எடுக்கும் நர்ஸ் உதவியாளர் பயிற்சியில் டெக்சாஸ் கேட்கும் 100 மணி நேரத்தில் 40 மணி நேரம் நோயாளிகளுடன். படுக்கையில் இருக்கும் முதியவரைத் துடைத்துவிட்ட பிறகும் டாக்டராக வேண்டும் என்று சொல்கிறாளா என்பது பதினேழு வயதிலேயே தெரிந்துவிடும். எனக்கு இது பெரிய லாபமாகத் தெரிகிறது.

பள்ளியிலிருந்தே கல்லூரிப் பாடம் படிக்கும் டூயல் கிரெடிட்டில் மட்டும் கவனம். அது கல்லூரி மதிப்பெண். அங்கே வாங்கிய ‘சி’ பின்னாளில் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்திலும் கணக்கில் வரும்.

பையன் எலக்ட்ரீஷியன் ஆகிறேன் என்கிறான். என்ன சொல்வது சொல்லுங்க.

முதலில் திட்டாதீர்கள். டெக்சாஸில் ஜர்னிமேன் (பயிற்சி முடித்த எலக்ட்ரீஷியன்) உரிமத்துக்கு 8,000 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறக்குறைய நான்கு ஆண்டு. அந்த நான்கு ஆண்டும் சம்பளம் உண்டு, கடன் இல்லை. பள்ளியில் இரண்டு ஆண்டு மின்சாரப் பாடம் எடுத்துப் பார்க்கட்டும். கோடை வெயிலில் பரண் மேல் ஏறிக் கம்பி இழுப்பது பிடிக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனுடன் சில நாள் போய்ப் பார்க்கட்டும். கூடவே அல்ஜீப்ரா 2 எடுக்கச் சொல்லுங்கள். மனம் மாறினால் கல்லூரிக் கதவு திறந்தே இருக்கும்.

சிடிஇ பாடங்களில் தொழில் சான்றிதழ் நிறைய வாங்கினால் நல்லதுதானே?

எல்லாம் ஒன்றல்ல. அந்தச் சான்றிதழைக் கேட்டு உங்கள் ஊரில் வேலை விளம்பரம் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று பள்ளி காட்டும் கணக்குக்குத்தான் அது உதவும். பல பள்ளிகளில் தேர்வுக் கட்டணத்தைப் பள்ளியே கட்டிவிடும். கைக்காசு போடும் முன் சிடிஇ ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.