‘வந்துட்டாக’ என்றேன், சிரித்தார்கள்

வணக்கம் மேடம்,

எனக்கு 18 வயது. ராஜபாளையம் பக்கம் ஊர். அப்பா இல்லை. அம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கிறார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டிவிடுகிறது. அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதனால் பணக் கஷ்டம் இல்லை.

வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் இன்டர்னலில் மேத்ஸில் 100க்கு 31. பிளஸ் டூவில் பள்ளியிலேயே நான்தான் ஃபர்ஸ்ட். ஒருநாள் ஃபிஸிக்ஸ் வகுப்பில் மேடம் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தது. எழுந்து “இட் இஸ்...” என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. உட்காரச் சொல்லிவிட்டார். கோட்டாவில் வந்ததால்தான் இப்படியோ என்று தோன்றுகிறது.

ரூமில் என்னோடு மூன்று பேர். சேர்ந்த புதிதில் ஒருநாள், “வார்டன் வந்துட்டாக” என்றேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது யார் கதவைத் தட்டினாலும் ‘வந்துட்டாக’தான். கெட்ட பெண்கள் இல்லை. ஆனாலும் அதன் பிறகு நான் ரூமில் அதிகம் வாய் திறப்பதில்லை.

சனிக்கிழமை ஆனால் சென்னைப் பெண்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் கிண்டியில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை போய், இறங்காமல் அதே ரயிலில் திரும்பி வருவேன். எழும்பூர் வரும்போது எங்கள் ஊர் வழியாகப் போகிற பொதிகை எக்ஸ்பிரஸ் நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். ராத்திரி எட்டு மணிக்கு அம்மா தறியிலிருந்து போன் பண்ணுவார். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. “சாப்பிட்டியா தாயி?” என்று கத்துவார். “சாப்பிட்டேன்மா, நல்லாருக்கேன்” என்று நானும் கத்திவிட்டு வைத்துவிடுவேன். பாதி நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். லேப்பில் பக்கத்தில் நிற்கும் பெண் ஒருநாள் ஊரைக் கேட்டாள். சொன்னேன். “நாய்க்குப் பேர் போன ஊராச்சே!” என்றாள். அதற்குக்கூட எனக்குப் பேச வரவில்லை.

டிசி வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா?

— பெயர் வேண்டாம், முதலாம் ஆண்டு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இங்கிலீஷ் வரவில்லை, மார்க் வரவில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது வேறு. வகுப்பில் பேசுவதில்லை, சரி, அங்கே மொழி புதுசு. ரூமில் பேசுவதில்லை, அங்கே பேசுவது தமிழ்தானே! அம்மாவிடமும் ஒரே ஒரு வரிதான். அதுவும் பொய். மூன்று மாதமாக நீங்கள் யாரிடமும் பேசவே இல்லை. இப்படி இருந்தால் யாருக்கும் சோறு இறங்காது.

மேத்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். பிளஸ் டூவில் ஒரே புத்தகத்தை ஒரு வருஷம் திருப்பித் திருப்பிப் படித்தோம். இங்கே நாலு மாதத்தில் செமஸ்டரே முடிந்துவிடும். அந்த வேகத்தில்தான் முதல் இன்டர்னலில் பலரும் சறுக்குகிறார்கள். சீனியர்களிடம் பழைய கேள்வித்தாள்களை வாங்கி, தினம் இரண்டு கணக்கைப் பேனா பிடித்துப் போடுங்கள். அரியரே விழுந்தாலும் திரும்ப எழுதலாம். கோட்டா என்று கூச்சப்பட ஒன்றுமில்லை. நன்றாகப் படித்தும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளால் இந்த வகுப்பறைகளுக்கு வர முடியவில்லை என்றுதான் 2021இல் அந்தச் சட்டமே வந்தது. அந்த ஒதுக்கீட்டிலும் ரேங்க் பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள்.

ஃபிஸிக்ஸ் மேடத்தை வகுப்பு முடிந்ததும் தனியாகப் பாருங்கள். “அன்னைக்கு எனக்குப் பதில் தெரியும் மேடம், இங்கிலீஷ்ல வரலை” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அந்தப் பதிலையும் சொல்லுங்கள். அன்று தொண்டையில் நின்றது வெளியே வந்துவிடட்டும்.

ரூம் விஷயம். அந்தச் சிரிப்பு உங்களுக்கு வலித்தது என்று அவர்களுக்குத் தெரியுமா? நீங்கள் சொல்லாமல் தெரிய வழியில்லை. ‘வந்துட்டாக’ மரியாதைச் சொல். வார்டனை ‘வந்துட்டா’ என்று சொல்கிற ரூமில் அது ஒன்றுதான் மரியாதையாக இருந்திருக்கும்! (நான் திருநெல்வேலிக்காரி. சென்னைக்கு வந்து 30 வருஷம் ஆகியும் ‘வந்துட்டாவ’ வாயை விட்டுப் போகவில்லை.) மூவரில் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கிற ஒருத்தியிடம், “அதைச் சொல்லிச் சிரிக்கிறது எனக்குக் கஷ்டமா இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். மூன்று பேரையும் உட்கார வைத்துப் பஞ்சாயத்து பேச வேண்டாம்.

அம்மாவுக்கு வருகிறேன். தறி ஓடும்போது மனசு விட்டுப் பேச முடியாது. தறி நிற்கிற நேரம் எது என்று கேட்டு, அப்போது நீங்களே கூப்பிடுங்கள். எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். “இன்னிக்கு ஒரு இட்லிதாம்மா சாப்பிட்டேன்” என்று ஒரு உண்மையைச் சொல்லுங்கள். பயந்துவிடுவார் என்று நினைக்கிறீர்கள். மூன்று மாதமாக ஒரே பதிலைக் கேட்கிற அம்மாவுக்குச் சந்தேகம் வராமலா இருக்கும்? அந்தச் சத்தத்திலும் தினம் கூப்பிடுகிறாரே.

டிசி கேள்விக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். செமஸ்டர் பரீட்சை முடிந்து ஊருக்குப் போய், அம்மா சமையலைப் பத்து நாள் சாப்பிட்ட பிறகு அந்தக் கேள்வியை எடுங்கள். பட்டினியோடு எடுக்கிற முடிவு இல்லை அது.

ஒன்றில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் கல்லூரி ஆலோசகரையோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவையோ போய்ப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு நொடி தோன்றினாலும் 14416க்குப் போன் பண்ணுங்கள். டெலி மனஸ் என்று பெயர், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

அப்புறம் அந்த லேப் பெண். நாய் என்று அவள் கேலி செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் ஊரைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்திருக்கிறாள். பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த லேப்பில், “எங்க ஊர்ல நாய் மட்டும் இல்ல, உன் கையில கட்டுற பேண்டேஜும் எங்கம்மா நெய்ததா இருக்கலாம்” என்று சொல்லுங்கள். சனிக்கிழமை அவளுக்கும் வேலை இல்லையென்றால் ரயிலுக்குக் கூப்பிடுங்கள். இந்த முறை பீச் ஸ்டேஷனில் இறங்குங்கள். பேரை நம்பிக் கடலைத் தேடாதீர்கள், அங்கே துறைமுகம்தான். ஆனால் வெளியே வந்தால் பர்மா பஜார். அந்தப் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கிடைக்கும். ஒரு பிளேட் இரண்டு பேருக்குப் போதாது, ஆளுக்கு ஒன்று வாங்குங்கள்.