அறுவைக்குப் பிறகு அப்பாவுக்குப் புற்றுநோய் திரும்பினால்

"உணவுக்குழாய் அறுவை முடிந்து ஒன்றரை வருடத்தில் அப்பாவுக்கு மறுபடி வந்துவிட்டது, எங்கே தவறினோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கும் தவறவில்லை. இந்த நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள் திரும்பும். ஸ்கேனில் தெரியாத செல்கள் அறுவைக்கு முன்பே வேறு இடத்துக்குப் போயிருக்கலாம்.

நாங்கள் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்காரர்கள். விடிகாலை பஸ் பிடித்து திருவனந்தபுரம் ஆர்சிசிக்கு (மண்டலப் புற்றுநோய் மையம்) போய்வந்த நாட்களில், எங்கள் அப்பா எதை விழுங்குவார் என்பதுதான் வீட்டில் பெரிய கவலை. ஒரு கரண்டி கஞ்சி நெஞ்சிலேயே நிற்கும். துப்பிவிட்டு, "மக்ளே, நீ போய்ச் சாப்பிடு" என்பார். அடைப்புக்கு ஸ்டென்ட் (உணவுக்குழாயை விரித்து வைக்கும் சிறு குழாய்) வைத்த பிறகு அரைத்த கஞ்சியும் மசித்த ஏத்தன்பழமும் இறங்கின. உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்; சாப்பிட்டதும் படுக்க விடாதீர்கள். வற்புறுத்தி ஊட்ட வேண்டாம் (நான் செய்து வருந்திய காரியம்).

வலியையும் அவதியையும் குறைக்கும் பாலியேட்டிவ் கேரை இப்போதே கேளுங்கள், கடைசிக்கு வைக்காதீர்கள். எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் வீட்டுக்கே வருவது சாதாரணம். கேரளத்தில் 2008 முதல் அதற்கு அரசுக் கொள்கையே உண்டு. வலிக்கு மார்ஃபின் என்றதும் பயப்பட வேண்டாம். அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், அப்பாவிடம் மறைக்காதீர்கள். எதுவரை சிகிச்சை வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.