சீட்டுல இருக்கிற எழுத்துக்கு என்ன அர்த்தம்? டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: பையனுக்கு காய்ச்சல்னு காட்டினோம் டாக்டரம்மா, சீட்டுல ஒரு மாத்திரைக்கு டிடிஎஸ், இன்னொன்னுக்கு எஸ்ஓஎஸ்னு போட்டிருக்காங்க. எஸ்ஓஎஸ்னா ஆபத்துதானே? வீட்டுல எல்லாரும் பதறிட்டோம்.
(வாசகி, அம்மாபேட்டை)

பதில்: பதறாதீங்கம்மா. கப்பல்ல இருந்து அனுப்புற எஸ்ஓஎஸ் வேற, இது லத்தீன்ல இருந்து வந்தது, தேவைப்பட்டா மட்டும் குடுங்கன்னு அர்த்தம். காய்ச்சல் அடிச்சா குடுங்க, இல்லன்னா வேண்டாம். அதுக்காக சூடு குறையலையேன்னு ஒரு மணி நேரத்துக்கு ஒன்னு குடுத்துடாதீங்க, பாராசிட்டமால்னா நடுவுல 6 மணி நேரமாவது விடணும், பிள்ளைங்களுக்கு எடையைப் பாத்துதான் அளவு. மத்தபடி சீட்டுல ஓடி (OD)ன்னு இருந்தா ஒரு நாளைக்கு ஒரு வேளை, பிடி (BD)ன்னா ரெண்டு வேளை, டிடிஎஸ் (TDS)னா மூணு வேளை (சம்பளத்துல புடிக்கிற டிடிஎஸ் இல்லீங்க), ஹெச்எஸ் (HS)னா படுக்கப் போறப்ப.

கேள்வி: அப்பாவுக்கு சுகர் இருக்கு. டெஸ்ட்டுக்காக ஏற்காட்டுல இருந்து கீழ சேலத்துக்கு கூட்டிட்டு வந்தேன். ஃபாஸ்டிங் (வெறும் வயித்துல பாக்கற சுகர்) 108தான், ஆனா ஹெச்பிஏ1சி 7.4ன்னு வந்திருக்கு. லேப்ல ஆள் மாத்தி குடுத்துட்டாங்களோ?
(வாசகர், நாகலூர்)

பதில்: மாத்தியிருக்க வேண்டியதில்ல தம்பி, ரெண்டுமே சரியா இருக்கலாம். ஃபாஸ்டிங் அன்னிக்கு காலையில என்ன இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும். ஹெச்பிஏ1சி அப்படி இல்ல, ரத்தத்துல இருக்கிற சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும், அத்தனை நாளும் அதுல இருக்கிற ஹீமோகுளோபின் மேல சர்க்கரை ஒட்டிக்கிட்டே வரும், அது எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பாக்கறதுதான் இந்த டெஸ்ட். அதனால டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் மட்டும் டீக்கு சக்கரை போடாம, சோறை குறைச்சு நல்ல பிள்ளையா இருக்கிற நம்ம ஊர் வித்தையெல்லாம் இதுகிட்ட பலிக்காது. 5.7க்கு கீழ நார்மல், 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சர்க்கரை நோய்க்கு முந்தின எல்லைக்கோடு, 6.5ம் அதுக்கு மேலயும் சர்க்கரை நோய். அப்பாவோட 7.4ங்கிறது கடந்த ரெண்டு மூணு மாசமா ரத்தத்துல சர்க்கரை சராசரியா 166 கிட்ட ஓடிட்டு இருந்திருக்குன்னு கணக்கு, அப்ப சாப்பாட்டுக்கு அப்புறம்தான் ஏறுதுன்னு சந்தேகப்படணும், அதையும் ஒரு தடவை பாத்துடுங்க. இன்னொன்னு, இரும்புச்சத்து குறைஞ்ச ரத்தசோகை இருந்தாலும் இது கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க. நீங்களா மாத்திரையை கூட்டாதீங்க.

மலையில இருக்கிறவங்களுக்கு ஒரு வசதி சொல்றேன், ஹெச்பிஏ1சி மட்டும் எடுக்கறதா இருந்தா வெறும் வயித்தோட வரணும்னு அவசியமே இல்ல. அத்தனை கொண்டை ஊசி வளைவும் பசியோட எறங்கி வந்து மயக்கமா உக்காந்திருக்க வேண்டாம், இட்லி சாப்பிட்டுட்டு சாவகாசமா பஸ் ஏறலாம். ஃபாஸ்டிங்கும் சேத்து எழுதியிருந்தாதான் 8 மணி நேரம் பட்டினி, தண்ணி குடிக்கலாம், டீ கூடாது.

கேள்வி: மாமனாரோட டிஸ்சார்ஜ் சம்மரியில கிரானிக்னு எழுதியிருக்காங்க. நோய் முத்திப் போச்சுங்களா?
(வாசகி, அயோத்தியாப்பட்டணம்)

பதில்: இல்லம்மா. கிரானிக்னா ரொம்ப நாளா இருக்குன்னு அர்த்தம், அக்யூட்னா திடீர்னு வந்தது. எவ்வளவு கடுமைன்னு தெரியணும்னா பக்கத்துல மைல்டா (லேசு), மாடரேட்டா (நடுத்தரம்), சிவியரான்னு (கடுமை) பாருங்க, இல்ல ஸ்டேஜ் ஏதாவது போட்டிருப்பாங்க. அதுவும் இல்லன்னா அடுத்த செக்கப்புக்கு அந்த பேப்பரையே கையோட எடுத்துட்டுப் போய் கேட்டுடுங்க.