ஹெலிகாப்டர் தாழ்வாகவும் சிறு விமானம் உயரத்திலும் பறப்பது ஏன்?

வணக்கம் அம்மா. கானாடுகாத்தானில் உங்கள் வீட்டு ஓடுகள் அதிரும்படி ஹெலிகாப்டர் தாழ்வாகப் போனது, சிறு விமானமோ உயரத்தில் போகிறது, பழுதாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். தாழ்வாகப் பறப்பதை மட்டும் வைத்துப் பழுது என்று சொல்லிவிட முடியாது.

எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். செஸ்னா 172 போன்ற சிறு விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னே மிதக்கும். 1,000 அடியில் இருந்தால் மூன்று கிலோமீட்டருக்குள் நீண்ட, சமமான நிலம் கிடைத்தாக வேண்டும்; 3,000 அடி என்றால் எட்டு கிலோமீட்டர் வரை தேடலாம். உயரம்தான் அதன் கையிருப்பு. ஹெலிகாப்டரோ எஞ்சின் நின்று இறங்கும்போது, கீழிருந்து வரும் காற்றே அதன் சுழலியை, அதாவது மேலே சுழலும் இறக்கைகளை, சுற்றவைக்கும். அதனால் அது தரையிறங்க வற்றிய கண்மாயில் ஒரு மூலை போதும்; அவ்வளவு உயரம் தேவையில்லை. ஆனாலும் மிகத் தாழ்வாக, மிக மெதுவாகப் பறப்பது அதற்கும் ஆபத்தே.

ஹெலிகாப்டரின் குறுகிய பயணத்துக்கு உயரே ஏறுவது எரிபொருளுக்கும் வீண்.

ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, நெருக்கமான குடியிருப்புகளின் மேல், 600 மீட்டருக்குள் உள்ள உயரமான தடையைவிட 1,000 அடி மேலே பறக்க வேண்டும் என்பது பன்னாட்டுப் பொது விதி. அடிக்கடி நடந்தால் நாளையும் நேரத்தையும் குறித்து ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அந்தப் பழைய ஓடுகள் காப்பாற்றப்பட வேண்டியவை.