41 டிகிரியில் ஒரு பள்ளம்

அன்புள்ள ஐயா,
கடைசி வருடம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். சூட்டில் ஆசிலேட்டரின், அதாவது சீரான துடிப்பைத் தரும் மின்சுற்றின், அதிர்வெண் நகர்ந்தால் மென்பொருளே திருத்திவிடுகிறதே? பிறகு அதற்குள் அதிரும் குவார்ட்ஸ் கிரிஸ்டலை எந்தக் கோணத்தில் அறுத்தால் என்ன? இந்தத் துறையில் வேலை இருக்கிறதா?
கே.

அன்புள்ள கே,
உங்கள் வயதில் நானும் இப்படித்தான் கேட்டேன். ஆனால் அந்த ‘அறுத்தால் என்ன’ இரண்டு நாளாக உறுத்துகிறது.

1934-இல் பெல் ஆய்வகத்தின் லாக், வில்லர்ட், ஃபேர் மூவரும் ‘ஏடி கட்’ என்ற அறுப்பு முறையை வெளியிட்டார்கள். கிரிஸ்டலின் இசட் அச்சிலிருந்து சுமார் 35 டிகிரி 15 நிமிடம் சாய்த்து அறுத்த தகடு. அறை வெப்பநிலையை ஒட்டி அதன் அதிர்வெண் அசைவதே அபூர்வம். கோணம் ஒரு நிமிடம், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால், 50 டிகிரி சூடேறுவதற்குள் நாலு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நாலு பங்கு, கூடுதலாக நகர்ந்துவிடும். சரி, இதை மென்பொருள் திருத்தும். ஒப்புக்கொள்கிறேன், வெப்பநிலைக்கு எதிராக அதிர்வெண்ணை வரைந்த வளைகோடு சீராக இருக்கிற வரைக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு 10 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரைச் சேம்பரில், அதாவது வெப்பநிலையை வேண்டியபடி மாற்றும் பெட்டியில், பத்துப் பத்து டிகிரியாக ஏற்றி அளந்தேன். புள்ளிகள் கோட்டில் அழகாக உட்கார்ந்தன. கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது, மதிய வெயிலில் மட்டும் பிழை என்று. ஒவ்வொரு டிகிரியாக ஏற்றினோம். 41-இல் அதிர்வெண் சட்டென்று விழுந்தது. 43-இல் ஒன்றுமே நடக்காததுபோல் பழைய கோட்டுக்கு வந்துவிட்டது. மென்பொருள் திருத்துவதற்காக நான் எழுதிய மூன்றாம் படிச் சமன்பாட்டுக்கு அந்தப் பள்ளம் தெரியவே தெரியாது.

அந்தத் தகட்டின் தடிமன் மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. அதன் இரண்டு முகமும் எதிரெதிராக நழுவுவதுதான் நமக்கு வேண்டிய அதிர்வு. ஆனால் அதே தகடு அப்பளம்போல நெளியவும் செய்யும். சூட்டுக்கு இரண்டும் ஒரே மாதிரி மாறுவதில்லை. ஏதோ ஒரு டிகிரியில் இரண்டின் அதிர்வெண்ணும் முட்டிக்கொள்ள, நெளிவு ஆற்றலைப் பிடுங்கிக்கொள்கிறது. தகட்டின் விட்டம் எவ்வளவு, ஓரத்தை எவ்வளவு மெலிதாக்குவது, மின்முனைப் பூச்சு எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் வரையும்போதே யோசித்திருக்க வேண்டும். வெள்ளி பூசி உறையில் அடைத்தபின் உங்கள் மென்பொருள் என்ன செய்யும், பாவம்?

கல்லூரியில் சேம்பர் இருக்கிறதா? இருந்தால் நாளைக்கே ஒரு கிரிஸ்டலைப் போட்டு ஒவ்வொரு டிகிரியாக ஏறுங்கள். பத்துப் பத்தாகத் தாவினீர்கள் என்று தெரிந்தால் திட்டுவேன். கோட்டை எனக்கு அனுப்புங்கள். வேலை பற்றி அப்புறம் பேசலாம்.