திருமணத்தை வரையறுப்பது யார்? அமெரிக்கச் சட்டம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: சார், அமெரிக்காவில் கல்யாணம் மாநிலங்களின் விவகாரம்தானே? வாஷிங்டன் ஏன் உள்ளே வந்தது?

பதில்: ஆமாம், உரிமம் தருவதும் விவாகரத்தும் மாநிலங்களின் வேலைதான். 1993-ல் ஹவாய் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்துக்கு வழிவிடும் என்று தோன்றியதும் எதிர்ப்பாளர்கள் பதறினார்கள். 1996-ல் அதிபர் கிளிண்டன் கையெழுத்தோடு 'டோமா' (திருமணப் பாதுகாப்புச் சட்டம்) என்ற மத்தியச் சட்டம் வந்தது. மத்தியச் சட்டங்கள் அனைத்திலும் திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே என்றது அதன் 3-ஆம் பிரிவு.

கேள்வி: வெறும் வரையறைதானே? யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: நியூயார்க்கைச் சேர்ந்த ஈடித் விண்ட்ஸரைப் பாருங்கள். பல பத்தாண்டுகள் கூடவே வாழ்ந்த தியா ஸ்பயரை 2007-ல் டொரண்டோவில் மணந்தார். 2009-ல் தியா இறந்தார். அவர்கள் திருமணம் நியூயார்க் மாநிலத்தில் செல்லும். மத்திய வரித் துறையிடம் செல்லாது. கணவன் சொத்து மனைவிக்கு வந்தால் மத்திய அரசுக்கு வாரிசுச் சொத்து வரி கட்ட வேண்டாம். இவரோ 3,63,053 டாலர் கட்டினார். துணையைப் பறிகொடுத்தவரிடம், 'நீ அவருக்கு யாரோ' என்று அரசே சொன்னது. இதை நஷ்டம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அவர் வழக்கின் 2013 தீர்ப்பு பேசுவது மாநில உரிமையா, சம உரிமையா? படித்தும் பிடிபடவில்லை.

பதில்: அதில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 5-4 பெரும்பான்மைத் தீர்ப்பு அது. திருமணம் மாநிலங்களின் ஆளுகைக்கு உட்பட்டது என்று நீதிபதி கென்னடி முதலில் விரிவாக எழுதுகிறார். ஆனால் 3-ஆம் பிரிவை வீழ்த்தியது, மத்திய அரசு யாருடைய சுதந்திரத்தையும் நியாயமின்றிப் பறிக்கக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 5-ஆம் திருத்தத்தை வைத்து: மாநிலம் தந்த மதிப்பைப் பறித்து, ஒரு சாராரை மட்டும் தாழ்த்துகிறது என்பதுதான் காரணம். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், மாநில அதிகாரம் பற்றிய பகுதியைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். என்னைக் கேட்டால், சம உரிமைதான் உறுதியான அடித்தளம். மாநில உரிமையை மட்டும் நம்பினால், தடை போட்ட மாநிலங்களுக்கும் அதே வாதம் கைகொடுக்கும். அந்தத் தடைகள் விழுந்தது 2015-ல், உச்ச நீதிமன்றத்தின் ஓபர்கஃபெல் வழக்கில், மாநிலங்கள் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்னும் 14-ஆம் திருத்தத்தால்.

கேள்வி: அப்புறம் 2022-ல் இன்னொரு சட்டம் எதற்கு?

பதில்: அந்த ஜூனில் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் பறித்தது. ஓபர்கஃபெல்லையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நீதிபதி தாமஸ் தனியாக எழுதினார். அந்தப் பயத்தில் டிசம்பரில் வந்த சட்டம் டோமாவை நீக்கியது. ஒரு மாநிலத்தில் செல்லும் திருமணத்தை மத்திய அரசு ஏற்க வேண்டும். பாலினத்தையோ இனத்தையோ காட்டி மற்ற மாநிலங்கள் மறுக்கக் கூடாது. ஆனால் உரிமம் தரச் சொல்லி எந்த மாநிலத்தையும் அது கட்டாயப்படுத்தவில்லை. ஓபர்கஃபெல் கவிழ்ந்தால், பழைய தடையை இன்னும் ஏட்டில் வைத்திருக்கும் டெக்சாஸின் ஜோடிகள் வேறு மாநிலம் போய்த்தான் கல்யாணம் செய்ய வேண்டியிருக்கும்.